எஞ்சின்மேல் விழும் பழி

விசைத்தறி, விசைப்படகு என்று நாம் வழங்குகிற இரண்டு சொற்களுக்கும் முன்னால் நிற்பது ஒரே விசைதான் என்பது, பொதட்டூர்பேட்டையில் பிறந்து தறியோசையைக் கேட்டே துயின்று தறியோசையைக் கேட்டே விழித்துப் பழகிய எனக்கு, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பழைய லாஞ்சின் எஞ்சின் அறைக்குள் முதுகு வளைந்து நின்ற ஒரு பிற்பகலில்தான் மனத்தில் உறைத்தது. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் உள்ள பந்தம் என்று தேடினால், பள்ளிப்பட்டுப் பக்கமாக ஓடும் கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தில் இளைப்பாறிப் பிறகு எண்ணூரில் கடலைச் சேர்கிறது என்ற ஒன்றைத் தவிர வேறொன்றும் அகப்படாது. ஆயினும் யந்திரம் சூடேறுவதும், அதை நம்பிப் பிழைக்கிற குடும்பம் பதறுவதும், பதற்றத்தில் காரணத்தைத் தேடாமல் யந்திரத்தையே குற்றவாளியாக்கி வெளியேற்றுவதும் தறிக்கூடத்துக்கும் படகுக்கும் பொதுவான சரித்திரமாகவே இருக்கின்றன.

தறி மோட்டார் கருகிவிட்டால் எங்கள் ஊரில் அதைச் சைக்கிளில் கட்டி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டு போவார்கள். புதுக் கம்பி சுற்றி வந்து மாட்டுவார்கள். பத்து நாளில் அது மறுபடியும் கருகும். இரண்டாம் முறையும் பணத்தைத் தொலைத்த பிறகுதான், லைனில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது, பேரிங் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று கேட்கக்கூடிய நிதானமுள்ள மெக்கானிக்கைத் தேடுவார்கள். வோல்டேஜ் குறைந்த வேளையிலும் அதே சுமையை இழுத்தாக வேண்டிய மோட்டார் கூடுதலான கரண்டைக் குடிக்கிறது. குடித்த கரண்டு கம்பிச் சுருளில் உஷ்ணமாக மாறுகிறது. மோட்டார் கருகியது உண்மை, குற்றம் மோட்டாருடையதன்று.

கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டில் நான் பராமரிப்புப் பகுதியில் உத்தியோகம் பார்த்த காலத்தில் என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்து, பிறகு தகப்பனாரின் கடல் தொழிலுக்கே திரும்பிவிட்ட நண்பர் ஒருவருக்குக் காசிமேட்டில் மர லாஞ்சு ஒன்று உண்டு. பலகைக்குப் பலகை வயதேறிய படகு. எஞ்சினும் இளமையைக் கடந்ததுதான். கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய், ஐஸ் பெட்டியில் மீனோடு திரும்பிக்கொண்டிருந்த இரவில், கரையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், உஷ்ணத்தைக் காட்டும் முள் சிவப்புக்குள் நுழைந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார், முள் இறங்கியது. கூட்டினார், ஏறியது. இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் வியாதியின் முழு ஜாதகமும் அடங்கியிருந்தது என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை முள் ஏறியபோது ஐஸ் கரைந்துவிடுமே என்ற அச்சத்தில் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார்கள், புகைக்குழாயில் வெண்ணிறமாய் ஆவி வந்தது, எஞ்சின் நின்றது. விடியற்காலையில் வேறொரு லாஞ்சு கயிறு கட்டி இழுத்து வந்து துறையில் சேர்த்தது.

பார்க்க வந்த மெக்கானிக்குகள் மூவர், அபிப்பிராயங்கள் நான்கு. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட் எரிந்திருந்தது, ஹெட்டில் முடியிழை போல ஒரு விரிசலும் ஓடியிருந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து பாலேடு போல வெளுத்திருந்தது. ‘வயசாயிடுச்சு, மாத்திடு’ என்ற தீர்ப்பை இத்தனை சாட்சியங்களுக்குப் பிறகு யார்தான் மறுக்க முடியும்? தம் மீனை ஏலம் விடுகிற ஏலக்காரரிடமே முன்பணம் வாங்கி, அதாவது இனி வருகிற ஒவ்வொரு ஏலத்திலும் கழித்துக்கொள்ளச் சம்மதித்து, புதுப்பிக்கப்பட்ட எஞ்சின் ஒன்றை நண்பர் வாங்கினார். பழையது எடைக்கு எடை காயலாங்கடைக்குப் போயிற்று. புதியதைப் பூட்டிக் கடலுக்குப் போன இரண்டாவது பயணத்தில் முள் பழையபடி சிவப்பைத் தொட்டது.

விற்றவனைத் திட்டியும், கண்ணேறு கழித்தும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கடாசியும் ஒரு வாரம் ஓடிய பின், தொழிலிலிருந்து பாதி ஓய்வு பெற்றுவிட்ட முதிய மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தார்கள். நான் அங்கே போயிருந்தது அந்தப் பிற்பகலில்தான். அவர் ஸ்பேனர் எதையும் கையில் எடுக்கவில்லை. படகைக் கரையில் கட்டிய நிலையில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, புகைக்குழாய் வழியே வெளியேறும் கடல்நீரை ஒரு வாளியில் பிடித்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தார். வேகத்தைக் கூட்டச் சொல்லி மறுபடியும் பிடித்தார். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பம்பும் வேகமாகச் சுற்றும், தண்ணீர் அதிகமாக வர வேண்டும். வந்ததோ முன்னைவிடக் குறைவு. பிறகு படகின் அடியிலிருந்து பம்புக்கு வரும் தடித்த ரப்பர் குழாயின்மேல் கையை வைத்துக்கொண்டு மீண்டும் வேகத்தைக் கூட்டச் சொன்னார். ‘எஞ்சின் மேல இன்னா தப்பு தம்பி? அதுக்குத் தண்ணி போவல’ என்றார். குழாயை அறுத்துப் பார்த்தோம். வெளித்தோல் மினுமினுப்பாக இருந்தது. உட்தோல் பிரிந்து, பம்பு உறிஞ்சும்போதெல்லாம் நாக்கைப் போல மடிந்து வழியை அடைத்திருந்தது. மெதுவாக ஓடினால் உறிஞ்சல் குறைவு, நாக்கு படுத்துக்கிடக்கும். வேகம் கூடினால் எழுந்து தொண்டையை அடைக்கும். பழைய எஞ்சினைக் கொன்றது அந்தக் குழாய். புதியதையும் கொல்லத் தொடங்கியிருந்தது.

டீசல் எஞ்சினுக்குள் எரிகிற எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பெல்லரைச் சுற்றும் வேலையாகிறது. கிட்டத்தட்ட அதே அளவு புகையோடு போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு வெளியேற வேண்டும். ஆகவே குளிர்விக்கும் தண்ணீர் எஞ்சினுக்குச் செய்கிற ஊழியம், புரொப்பெல்லரைச் சுற்றும் ஊழியத்துக்குச் சற்றும் இளைத்ததன்று. (இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல், 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இரவோடிரவாகக் கடலில் மறைந்துபோனார் என்ற செய்தியை எந்த லாஞ்சில் ஏறினாலும் நினைத்துக்கொள்வது என் வழக்கம்.) லாரியில் இருக்கும் எஞ்சினுக்கு முன்னால் ரேடியேட்டர் உண்டு, எதிர்க்காற்று உண்டு. சென்னையில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன எண்ணூர்த் தொழிற்சாலையின் எஞ்சின்களைப் போல, தரையில் பேரெடுத்த யந்திரங்கள் கடலுக்கும் இறங்கியபோது, காற்று புகாத படகு வயிற்றுக்குள் அவற்றுக்கு ரேடியேட்டரால் பிரயோஜனமில்லாமல் போயிற்று. அந்த ஸ்தானத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வந்தது: எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் நன்னீர் ஒரு பக்கம், கடலிலிருந்து உறிஞ்சி வந்து வெளியேறும் உப்புநீர் மறுபக்கம், இரண்டும் கலவாமல் சூட்டை மட்டும் கைமாற்றிக்கொள்ளும் மெல்லிய குழாய்க் கற்றை. சில படகுகளில் உப்புநீரை உள்ளே விடாமல், நன்னீரையே படகின் அடியில் கடலைத் தொட்டுக் கிடக்கும் குழாய்களில் சுற்றவிடுவதும் உண்டு. சிறிய பழைய எஞ்சின்கள் சிலவற்றில் கடல்நீரே நேராக உள்ளே சுற்றும்; அவற்றை 60 டிகிரிக்கு மேல் சூடேற விட்டால் உப்புப் பொருக்குப் படிந்து நாளடைவில் வழிகள் தூர்ந்துபோகும்.

இந்த நீர்வழியில் எங்கெல்லாம் தடை நேரலாம் என்பதைத் தெரிந்தவர்கள் கடலிலிருந்து தொடங்கி, தண்ணீர் போகிற திசையிலேயே நடந்துபோவார்கள். படகின் அடியில் உள்ள துவாரத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கலாம். வடிகட்டியில் பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கலாம். பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் முறிந்திருக்கலாம். முறிந்த இதழைக் கண்டவுடன் புது இம்பெல்லர் போட்டுத் திருப்தியடைந்துவிடுகிறவர்கள், உதிர்ந்த துண்டுகள் தண்ணீரோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் உட்கார்ந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். புகையோடு தண்ணீர் கலக்கும் வளைவில் துருவும் கரியும் சேர்ந்து வழியைக் குறுக்கியிருக்கலாம். நன்னீர்ப் பக்கத்தில் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைக் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தால், பல எஞ்சின்களில் 80 டிகிரியை ஒட்டித் திறக்கிறதா இல்லையா என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். இதற்கு எந்த நிபுணரும் வேண்டியதில்லை. தொட்டியின் மூடி அழுத்தத்தைத் தாங்காமல் தளர்ந்திருக்கலாம். ஆனால் சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைத்தவன் முகத்தை ஆவி வேகவைத்துவிடும் என்பதையும், சூடேறிய எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் பிளந்துவிடும் என்பதையும் எத்தனை முறை சொன்னாலும் தகும். நீர்வழி முழுதும் சுத்தமாக இருந்தும் சூடேறுமானால் சுமையைப் பார்க்க வேண்டும்: புகை கறுப்பாக வருகிறதா, படகின் அடி பாசியேறிக் கனத்துவிட்டதா, எஞ்சினின் சக்திக்கு மீறிய புரொப்பெல்லரை யாராவது மாட்டிவிட்டார்களா என்று.

இவ்வளவையும் பார்த்த பிறகும் எஞ்சினை மாற்றித்தான் தீர வேண்டிய நிலை வருவதுண்டு. பிளாக்கிலேயே விரிசல் கண்டுவிட்டால், லைனர் உட்காருமிடம் உப்பில் அரித்துப்போயிருந்தால், உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காமல் போய்விட்டால், பழையதைக் கட்டிக்கொண்டு அழுவது அன்பாகுமே தவிர அறிவாகாது. என் நண்பரின் பழைய எஞ்சினும், அந்தக் குழாயை முன்னமே கண்டுபிடித்திருந்தால்கூட, ஹெட்டில் ஓடிய விரிசலுக்கு மாற்று ஹெட் தேட வேண்டிய நிலையில்தான் இருந்தது. எனினும் ஹெட்டின் விலை வேறு, எஞ்சினின் விலை வேறு.

மாற்றுவதிலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. புதியது பழையதைவிட நீளமா குட்டையா, அதன் கால்கள் படகின் அடிக்கட்டையில் பழைய போல்ட் இருந்த இடத்திலேயே உட்காருமா, கியர் பெட்டி எந்தப் பக்கம் சுற்றும், எத்தனைக்கு எத்தனை குறைக்கும், அந்தச் சுற்றுக்கு இப்போதுள்ள புரொப்பெல்லர் பொருந்துமா, புகைக்குழாயின் வாய் போதுமா என்பதையெல்லாம் செயின் பிளாக்கில் எஞ்சின் தொங்கிக்கொண்டிருக்கும்போது யோசிப்பதில் அர்த்தமில்லை. எஞ்சினையும் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதுதான் உச்சமான வேலை. இணைப்புத் தட்டு இரண்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜைச் செருகி, அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் வித்தியாசம் பார்ப்பார்கள். இதில் என்னைப் பெரிதும் வியக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. கரையில் ஏற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியபோது துல்லியமாகப் பொருந்திய ஷாஃப்ட், படகு தண்ணீரில் இறங்கியதும் பொருந்தாமல் போகும். ஏனென்றால் மரப்படகு தரையில் ஒரு வடிவமாகவும் மிதக்கையில் வேறொரு வடிவமாகவும் இருக்கிறது. ஆகையால் கடைசிப் பொருத்தம் பார்ப்பதைப் படகு மிதந்து சில நாள் ஊறிய பிறகே செய்கிறார்கள். அவசரக்காரர்கள் கரையிலேயே முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆறு மாதத்தில் பேரிங் தேய்ந்து, பழி மறுபடியும் எஞ்சின்மேல் விழும்.

மாற்றுகிற சந்தர்ப்பத்தில் பெரிதாகப் போட்டுவிடலாமே என்ற ஆசை வேறு எழுகிறது. காசிமேட்டிலும் நாகைக் கரையிலும் அதிவேகச் சீன எஞ்சின்களைப் பற்றி மீனவர்களுக்குள்ளேயே பூசல் மூண்டதும், தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டு விதிகள் 240 குதிரைத்திறனுக்கு மேல் கூடாதென்று வரம்பு கட்டியதும் பத்திரிகை படிப்பவர்கள் அறிந்தவை. மீன்வளத்தைப் பற்றிய வாதத்தை இங்கே நான் எடுக்கவில்லை. பழைய மரத்தின் ஆணியும் பலகையும் எவ்வளவு தள்ளுதலைத் தாங்கும் என்ற கேள்வியை மட்டும் கேட்டு வைக்கிறேன்.

எஞ்சினைக் கொடுப்பதில் நம் சர்க்கார்கள் கஞ்சத்தனம் காட்டியவை அல்ல. 1952இல் நார்வேயோடு கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி மறு ஆண்டு கேரளத்தின் நீண்டகரையில் வேலை தொடங்கிய காலத்திலிருந்து, மீனவனின் முன்னேற்றம் என்றால் அவனுக்கு யந்திரம் கொடுப்பது என்றே நம் திட்டங்கள் அர்த்தம் பண்ணிக்கொண்டு வந்திருக்கின்றன. பாக் நீரிணை மீனவர்களை ஆழ்கடலுக்குத் திருப்ப 2017இல் வந்த திட்டத்தில், 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 சதவீதம் மானியம். நாட்டுப்படகுக்கு எஞ்சின் மானியம் உண்டு. வரி நீங்கிய டீசல் உண்டு. இவையெல்லாம் வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் மானியம் என்பது புதியதை வாங்குகிறவனின் கைக்குப் போகிறது. உள்ளதைப் பரிசோதித்துப் பழுது பார்த்துக் காப்பாற்றுகிறவனுக்கு எந்தத் திட்டமும் மாலை போடுவதில்லை. வாளியும் கடிகாரமும் வைத்து அந்த மேஸ்திரி கண்டுபிடித்ததை, முதல் எஞ்சின் நின்ற மறுநாளே ஒருவர் கண்டுபிடித்துச் சொல்வதற்கு, அந்தத் துறைமுகத்தில் அங்கீகாரமும் சம்பளமும் உள்ள ஒரு நாற்காலி போடப்படவில்லை என்பதே என் முறையீடு.

நாற்காலி போடுவதற்கு இடம் இல்லாமலும் இல்லை. கொச்சியில் 1963இல் தோன்றி, சென்னையில் 1968 முதல் கிளை நடத்திவரும் சிஃப்நெட் என்னும் மத்திய ஸ்தாபனம் மரைன் ஃபிட்டர்களைப் பயிற்றுவிக்கிறது. எங்கள் மாவட்டத்துப் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி ஒன்று இருக்கிறது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் அத்தனையும் கட்டிப்போட்டுக் கிடக்கின்றன. அந்த நாட்களில் படகு உரிமையாளர்கள் பெயிண்ட் அடிக்கிறார்கள், பலகை மாற்றுகிறார்கள், எஞ்சினையும் பிரிக்கிறார்கள். பயிற்சி பெறும் இளைஞர்களும் ஆசிரியர்களும் அதே காலத்தில் காசிமேட்டிலும் பழவேற்காட்டிலும் வந்து உட்கார்ந்து, கேட்கிற படகுக்கெல்லாம் நீர்வழியை ஒருமுறை கடலிலிருந்து கடல்வரை சோதித்து, இன்ன குழாய் இன்ன தேதியில் மாற்றப்பட்டது, இம்பெல்லருக்கு வயது இவ்வளவு என்று ஒரு புத்தகத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன? மானியத்தில் எஞ்சின் கேட்கிறவர் அந்தப் புத்தகத்தையும் மனுவோடு வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், பழைய வியாதி புது எஞ்சினுக்கும் தொற்றுவது பெருமளவு நின்றுபோகும். மாணவனுக்கும் வகுப்பறையில் கிடைக்காத படிப்பு அந்தக் குனிந்த அறைக்குள் கிடைக்கும். மீனவர்கள் தம் படகுக்குள் சர்க்கார் ஆளை விட விரும்புவார்களா என்று நண்பரைக் கேட்டேன். ‘கேஸ் போட வராம கை அழுக்காக வந்தா விடுவோம்’ என்றார். நியாயமான நிபந்தனை.

வடிகட்டியில் சிக்கும் பிளாஸ்டிக் பையைப் பற்றிக் கடலோரத்தாரிடம் மட்டும் பேசிப் பயனில்லை என்பதையும் கொசஸ்தலைக்கரைப் பிரதேசத்தான் என்ற முறையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் ஆறு நிரம்பினால் நாங்கள் பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்க்கிறோம். நாங்கள் கரையில் எறிந்ததையெல்லாம் அது வாரிச் சுருட்டிக்கொண்டு போவதையும் வேடிக்கையாகவே பார்க்கிறோம். பூண்டியில் தங்கியது போக மிச்சம் எண்ணூருக்குப் போகிறது. வழியில் ஆலைகளும் அனல்மின் நிலையச் சாம்பலும் தம் பங்கைச் சேர்க்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப்போனதைப் படத்தில் பார்த்து நாம் அனைவரும் வருந்தினோம். அத்தனை பெரிய விபத்துக்கு வருந்துகிற நாம், ஒரு படகின் அடித்துவாரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பையைப் பற்றி யோசிப்பதில்லை. அந்தப் பையும் ஓர் எஞ்சினின் விலையை வசூலித்துவிடக் கூடியது.

சென்ற தடைக்காலத்தில் மறுபடியும் காசிமேட்டுக்குப் போயிருந்தேன். லாஞ்சு கரையேறி நின்றது. அடித்துவாரம் சுரண்டப்பட்டுச் சுத்தமாக இருந்தது. பம்புக்கு வரும் குழாய், உறிஞ்சினாலும் மடியாத கம்பிச் சுருள் வைத்த குழாயாக மாறியிருந்தது. அதன்மேல் சாக்பீஸால் மாற்றிய தேதி எழுதியிருந்தது. மேஸ்திரி வரவில்லை, மூட்டுவலி என்றார்கள். பழைய எஞ்சின் என்னவாயிற்று என்று விசாரித்தேன். உடைத்து உருக்கப் போயிருக்கும், கும்மிடிப்பூண்டிப் பக்கமாகவே இருக்கலாம் என்று சிரித்தார் நண்பர். ஏலக்காரர் கணக்கு இன்னும் தீரவில்லையாம்.